கல்மண்டபம் பக்கத்தில் ஒரு வேதபாட வகுப்பு: காத்திருந்து களைத்தவர்கள் போய்ப் பாருங்கள்

சென்னை ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் பின்பக்க மண்டபத்தில் புதன்கிழமை மாலைகளில் வேதபாட வகுப்பு நடக்கிறது. கட்டணம் இல்லை. எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று யாரும் கேட்பதும் இல்லை. நான் காசிமேட்டிலிருந்து போய் வருகிறேன். 'கர்த்தருக்குக் காத்திருத்தல்' என்ற தொடர் அண்மையில்தான் முடிந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும், தேவனுடைய வாக்கு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளை எல்லாம் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். வேறோர் இடத்தில் ஜெபக் கூட்டத்துக்குப் போனபோது, "உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் தாமதம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆறுதல் தேடி வந்தவளிடம் பேசுகிற பேச்சா அது? அதன்பிறகு வேதத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. என் நாத்தனார்தான் கையைப் பிடித்து இங்கே அழைத்து வந்தார்.

பாடம் நடத்துபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. ஆளுக்கொரு வசனமாக உரக்க வாசிக்கச் சொல்வார். பிறகு கரும்பலகையில் வயதுகளை எழுதுவார். தேவன் பிள்ளை தருவதாக வாக்களித்த ஆபிரகாம் ஆரான் என்ற ஊரைவிட்டுப் புறப்பட்டபோது 75. பணிப்பெண்ணிடம் இஸ்மவேல் பிறந்தபோது 86. வாக்களித்தபடி மனைவி சாராளிடம் ஈசாக்கு பிறந்தபோது 100. ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஆபிராமுக்கு (ஆபிரகாமின் முந்தைய பெயர்) 86 வயது. 17-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் 99. அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு நடுவே 13 வருடங்கள். அந்த இடைவெளியில் தேவன் பேசினதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. "இங்கே கொஞ்சம் நில்லுங்கள், அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்" என்றார் டீச்சரம்மா. அன்று மாலை முழுக்க அந்த இரண்டு வசனங்களிலேயே இருந்தோம். இந்த வகுப்பின் அருமையே அதுதான். மற்ற இடங்களில் ஈசாக்கு பிறந்த சந்தோஷத்துக்கு ஓடிவிடுவார்கள்.

என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கரையில் இருப்பார் என்பதால் அப்போது அவரும் வந்தார். பிள்ளை இல்லாமல் அழுத அன்னாளின் பாடம் அந்தச் சமயத்தில்தான் நடந்தது. முதலாம் சாமுவேல் முதல் அதிகாரத்தின் 8-ஆம் வசனம் அவர் முறைக்கு வந்தது. பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலானவன் இல்லையா என்று அன்னாளின் கணவன் எல்க்கானா அவளிடம் கேட்கும் இடம். வாசிக்கும்போதே அவர் குரல் தழுதழுத்தது. நான் தலை நிமிரவில்லை.

டீச்சரம்மா 18-ஆம் வசனத்துக்கு வந்தார். அதுவரை சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்த அன்னாள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகம் துக்கமாக இருக்கவில்லை. "பிள்ளை கிடைத்த பிறகா முகம் மாறியது?" என்று கேட்டார். அவள் மகன் சாமுவேல் பிறப்பது 20-ஆம் வசனத்தில். கையில் எதுவும் கிடைக்காமலே அவள் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள்.

அன்னாளுக்குக் கொடுத்தார், எனக்கும் கொடுப்பார் என்று எதை வைத்து நம்புவது என்று அன்றைக்கு எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். "எப்போது என்று நான் தேதி சொல்ல முடியாதம்மா. அவர் உன்னை மறக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்" என்றார் டீச்சரம்மா. பிறகு 13-ஆம் சங்கீதத்தை எடுக்கச் சொன்னார். முதல் இரண்டு வசனங்களிலேயே தாவீது 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்கிறான். அதே சங்கீதத்தைப் பாட்டோடு முடிக்கிறான். அப்படிக் கேட்பது அவிசுவாசம் ஆகாது என்று அவர் சொன்னபோது, நெஞ்சில் இருந்த பெரிய பாரம் இறங்கியது. இப்போது தினமும் அந்தச் சங்கீதத்தைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன்.

குறைகளும் உண்டு. யோசேப்பின் வாழ்க்கையை ஒரே மாலையில் முடித்துவிட்டார்கள். 17 வயதில் சகோதரர்களால் விற்கப்பட்டவன் 30 வயதில் எகிப்தின் ராஜாவான பார்வோன் முன்னால் நிற்கிறான். சிறையில் கூட இருந்த பார்வோனின் பானபாத்திரக்காரன் விடுதலையானபின் அவனை மறந்துபோன அந்த இரண்டு வருடங்களுக்கே தனியாக ஒரு வகுப்பு வைத்திருக்கலாம். கொடுக்கும் ஜெராக்ஸ் தாளில் எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால் வயதானவர்கள் திண்டாடுகிறார்கள். கடைசியில் சாட்சி சொல்லும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. கைக்குழந்தையோடு வருபவர்கள் பாதியில் எழுந்துவிடுகிறார்கள். சாலையில் கண்டெய்னர் லாரி போனால் மைக் இருந்தும் ஒன்றும் காதில் விழாது.

ஆனாலும் தயங்காமல் சொல்வேன்: வேலைக்காகவோ, வரனுக்காகவோ, பிள்ளைக்காகவோ காத்திருந்து மனம் நொந்திருப்பவர்கள் இங்கே போகலாம். யாரும் உங்கள் விசுவாசத்தை எடைபோட மாட்டார்கள். அடுத்த தொடர் ரூத்தின் புத்தகம். சொந்த வேதாகமமும் ஒரு நோட்டும் கொண்டு போங்கள். சற்று முன்னதாகவே போய் முன்வரிசையில் உட்காருங்கள். பின்னால் மின்விசிறிக் காற்று வராது, டீச்சரம்மாவின் மெல்லிய குரலும் எட்டாது.