பாஸ்பேட் சரியும்போது: மருந்தைக் கூட்டுவதா, உணவைக் குறைப்பதா?

பல நாள் பட்டினி கிடந்த உடலுக்குள் குழாய்வழி உணவு இறங்கத் தொடங்கியதும் இன்சுலின் உயர்கிறது. இரத்தத்திலுள்ள பாஸ்பேட் என்னும் தாது உப்பு உயிரணுக்களுக்குள் போய்விடுகிறது. லிட்டருக்கு 0.8 மில்லிமோலுக்குக் கீழே வந்தாலே குறைவுதான். 0.32க்கும் கீழே போனால் மூச்சுத் தசைகள் தளர்ந்து, நோயாளியை வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பதே பெரும்பாடாகிவிடும்.

உணவை அதே வேகத்தில் தொடரவிட்டு, பாஸ்பேட்டைச் சிரைவழி ஏற்றுவது ஒரு வழி. எலும்பும் தோலுமாய்க் கிடப்பவருக்கு எப்படிச் சோற்றைக் குறைப்பது என்ற தவிப்பு எனக்கும் உண்டு. ஆனால் நாம் ஏற்ற ஏற்ற இன்சுலின் அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும்.

மற்றொரு வழி, பாஸ்பேட் கொடுத்தபடியே உணவையும் சில நாள் தாழ்த்துவது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் இதன் பக்கம்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 339 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மணிக்கு 20 கிலோகலோரி மட்டுமே குறைந்தது இரண்டு நாள் கொடுத்தார்கள். ஆய்வு முக்கியமாக அளக்க எடுத்துக்கொண்ட முதன்மை அளவுகோலில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் 60ஆம் நாளில் உயிரோடிருந்தவர்கள் அந்தப் பிரிவில் 91 சதவீதம், வழக்கமான உணவு பெற்றவர்களில் 78. ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் பாஸ்பேட் 0.65க்குக் கீழே போனால் 48 மணி நேரம் கலோரியைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது.

இதை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. உணவை வெறுத்து ஒதுக்கும் அனோரெக்சியா என்ற மனநோயால் மெலிந்த இளையோரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 1,400க்குப் பதில் 2,000 கிலோகலோரியில் தொடங்கியவர்கள் விரைவாகத் தேறினார்கள். தாது உப்புக் கோளாறும் கூடவில்லை.

கொடுக்கும் வழியைப் பொறுத்தவரை, இலேசான குறைவுக்கு வாய்வழியே போதும், பேதிதான் தொல்லை. கடுமையான குறைவுக்குச் சிரைவழி வேண்டும், ஆனால் மெதுவாக. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவையும் குறைக்க வேண்டும். கனிமப் பாஸ்பேட் கால்சியத்தோடு கலந்தால் படிகமாகிவிடும். சிரைவழி ஊட்டக் கலவையில் அப்படி நேர்ந்த மரணங்களுக்குப் பிறகே 1994இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. கரிம வகைப் பாஸ்பேட்டான சோடியம் கிளிசரோபாஸ்பேட்டில் இந்த அச்சம் மிகக் குறைவு. கிடைக்குமானால் ஊட்டக் கலவைக்கு நான் அதையே தேர்வேன்.

எந்த வழியானாலும் உணவைத் தொடங்கும் முன்பே தயமின் (வைட்டமின் பி1) 100 மில்லிகிராம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பொட்டாசியமும் மெக்னீசியமும் கூடவே சரியக்கூடியவை. அபாயம் மிகுந்தவர்களுக்கு முதல் மூன்று நாள், 12 மணி நேரத்துக்கொருமுறை பாஸ்பேட்டோடு இவற்றையும் சேர்த்து மூன்றையும் பாருங்கள்.