349 ரூபாய் தனிம அட்டவணை: லேபிள் ஒட்டித்தான் மாட்டியிருக்கிறேன்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். சுவரில் இருந்த தனிம வரிசை அட்டவணையைக் கரையான் அரித்துவிட்டதால், ஆன்லைனில் 349 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். மூன்றடிக்கு இரண்டடி, லேமினேஷன் செய்தது. சுருட்டி அனுப்பியிருந்தார்கள், இரண்டு நாள் மெத்தைக்கு அடியில் கிடந்த பிறகுதான் நிமிர்ந்தது.

எந்த சார்ட் வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது ஹீலியத்தை. கடைசி எலக்ட்ரான் எந்த வகை ஆர்பிட்டாலில் (அணுவுக்குள் எலக்ட்ரான் இருக்கும் பகுதி) சேர்கிறது என்பதை வைத்து, தனிமங்களை எஸ், பி, டி, எஃப் என்று நாலு பிளாக்காகப் பிரிப்பார்கள். நாலுக்கும் நாலு நிறம் கொடுத்திருக்கிறார்கள். ஹீலியத்தின் இரண்டு எலக்ட்ரான்களும் எஸ் ஆர்பிட்டாலில் இருப்பவை. ஆனால் குணத்தில் மந்த வாயு, அதனால் வலது கோடியில் 18-ஆம் தொகுதியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் அச்சடிப்பவர்கள் பக்கத்து நிறத்தையே அதற்கும் பூசிவிடுவார்கள். இதில் சரியாக எஸ் நிறம். விஷயம் தெரிந்த ஆள் பார்த்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஏழாவது தொடரின் கடைசி வரைதான். 113, 115, 117, 118 நாலுக்கும் உனுன்ட்ரியம், உனுன்பென்டியம் என்று பழைய தற்காலிகப் பெயர்கள்! நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னஸ்ஸீன், ஓகனெஸ்ஸான் என்று 2016-லேயே பெயர் வைத்தாயிற்று. விற்றவர்களிடம் கேட்டால், வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். மறுபடியும் மெத்தைக்கு அடியில் போட யாருக்குப் பொறுமை இருக்கிறது? நோட்டு லேபிளில் எழுதி ஒட்டிவிட்டேன். அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. குளோரின், புரோமின், அயோடின் வரிசைக்குக் கீழே வருவதால்தான் 117-இன் பெயர் ‘ஈன்’ என்று முடிகிறது. நியான், ஆர்கான், கிரிப்டானுக்குக் கீழே நிற்பதால் 118-க்கு ‘ஆன்’.

அணு நிறையைக் கடுகு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படியும் முன்னால் உட்காரும் பையன் ஒருவன் பிடித்துவிட்டான்: “மிஸ், டெல்லூரியம் 127.6, அடுத்த அயோடின் 126.9. குறையுதே, பிரிண்ட் தப்பா?”

தப்பில்லை. 1869-இல் 63 தனிமங்களை அணு நிறைப்படி அடுக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவுக்கும் இதே இடத்தில்தான் இடறியது. அயோடினைக் குளோரின் குடும்பத்திலிருந்து பிரிக்க அவருக்கு மனமில்லை. டெல்லூரியத்தின் நிறையைத்தான் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அதை அயோடினுக்கு முன்னால் வைத்துவிட்டார். வைத்த இடம் சரி, சொன்ன காரணம்தான் தவறு. ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி 1913, 1914-இல் செய்த எக்ஸ் கதிர் ஆய்வுகளில்தான், வரிசையை முடிவுசெய்வது கருவின் நேர்மின்சுமை, அதாவது அணு எண் என்று தெரிந்தது. நிறை எப்படி இருந்தாலும் டெல்லூரியத்தின் 52-க்கு அப்புறம் அயோடினின் 53. இதைச் சொன்னதும் பையன் சார்ட்டில் விரலை ஓட்டி, ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10 என்று இன்னொரு ஜோடியைத் தானே தேடி எடுத்தான். எனக்கு 349 ரூபாய் அங்கேயே வசூலாகிவிட்டது.

பெரிய குறை என்றால், கீழே தனியாகக் கிடக்கும் லாந்தனைடு, ஆக்டினைடு வரிசைகள்தான். பேரியத்துக்கு அடுத்த பெட்டியில் வெறும் நட்சத்திரக் குறி. 57–71 என்று எண்கூட இல்லை. ரேடியத்துக்கு அடுத்தும் அதே குறி. உள்ளே சேர்த்தால் 18 நெடுவரிசை 32 ஆகிவிடும், சுவர் கொள்ளாது என்பது புரிகிறது. கூடத்தில் இடமில்லாமல் திண்ணையில் படுக்கும் வீட்டு ஆட்கள் மாதிரிதான் அவை. ஆனால் பிள்ளைகள் வேறு அட்டவணை என்றே நினைக்கிறார்கள். ஸ்கெட்ச் பேனாவில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று தரலாம். வாங்குகிறவர்கள் வலது கீழ் மூலையைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டாதீர்கள். லேமினேஷன் பளபளப்பில், சாயங்காலம் என் வீட்டில் தங்கமும் பாதரசமும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.