மரப்பலகையிலிருந்து எம்சிபி பெட்டிக்கு: மன்னார்குடி வீட்டில் நடந்த வயரிங் வேலை

மன்னார்குடியில் 1964இல் தாத்தா கட்டிய எங்கள் வீட்டின் மின்னமைப்பைச் சென்ற கோடையில் மாற்றினோம். ரேழிச் சுவரில் ஒரு தேக்குப் பலகை, அதில் மின்வாரிய மீட்டர், இரும்பு உறையிட்ட மெயின் ஸ்விட்ச், அதன் கீழே நான்கு பீங்கான் பியூஸ் கேரியர்கள். இத்தனை காலமும் வீட்டுக்கு இவ்வளவுதான் காவல். ஏசியும் கீசரும் சேர்ந்து ஓடினால் பியூஸ் போகும். போகும்போதெல்லாம் யாரோ ஒருவர் இன்னும் ஓர் இழையைச் சேர்த்து முறுக்கியிருக்கிறார். கழற்றிய கேரியர் ஒன்றில் ஐந்து இழைகளை எண்ணினேன். பியூஸ் உருகுவதற்கு முன்பே சுவரில் ஓடும் ஒயர் உருகிவிடும் நிலையில்தான் இருந்திருக்கிறோம்.

உரிமம் பெற்ற உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். பழைய பலகைக்குப் பதில், சுமை மிகுந்தால் தானே இறங்கி மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்சுகள் கொண்ட பெட்டியை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டவன் நான்தான். அவர் பதில் சொல்லாமல், ஒயர் உறையின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரை எடுத்துச் சமையலறை லைனைச் சோதித்தார். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டிய இடத்தில் முள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. மர ரீப்பரிலிருந்து ஒயரைச் சற்றே இழுத்ததும் நூல் சுற்றிய ரப்பர் உறை விரலிலேயே பொடியாக உதிர்ந்தது. "இந்த ஒயர்ல புதுப் பெட்டி போட்டா நிக்காது சார்" என்றார். கீழ்த்தளம் முழுவதும் புதிய செம்பு ஒயர் என்று முடிவானது: விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கு 4. மாடியில் தொண்ணூறுகளில் போட்ட பிவிசி ஒயர் சோதனையில் தேறியதால், அதற்கு எர்த் மட்டும் புதிதாக இழுத்தார்கள். மும்முனை இணைப்புக்கு விண்ணப்பித்தோம். மீட்டரின் சீலை மின்வாரிய ஊழியர்கள்தான் பிரிக்க வேண்டும் என்பதால் அதற்கெனச் சில நாள்கள் காத்திருந்தோம். கொல்லையில் இரண்டு குழிகள் தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி எர்த் அமைத்தார்கள்.

இவருடைய திறமை தெரிந்தது கடைசி நாளில்தான். எல்லாம் இணைத்து மின்சாரம் கொடுத்ததும் ஆர்சிசிபி உடனே ட்ரிப் ஆனது. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு வந்தாலே துண்டித்துவிடும் கருவி அது. மாடியின் எம்சிபிகளை இறக்கிப் பார்த்தும் பயனில்லை, ஏனெனில் அவை பேஸை மட்டுமே துண்டிப்பவை. நியூட்ரல் தொடர்பு அப்படியே இருக்கும். ஆகவே அவர் நியூட்ரல் ஒயர்களெல்லாம் வந்து சேரும் நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக்கொண்டே போய், ஒன்றரை மணி நேரத்தில் மாடிக் குளியலறைக்கு வந்து சேர்ந்தார். கீசர் பிளக்கைத் திறந்தால், எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் இணைத்து விரல் நீள ஒயர்த் துண்டு ஒன்று உள்ளே இருந்தது. எர்த் இல்லாத காலத்தில் யாரோ செய்த குறுக்கு வழி. திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அதன் வழியே புதிய எர்த்துக்குப் போனதால்தான் ஆர்சிசிபி ட்ரிப் ஆனது. அந்த லைனில் நியூட்ரல் அறுந்திருந்தால் கீசரின் உடல் முழுவதும் 230 வோல்ட் வந்திருக்கும். அந்த வெந்நீரில்தான் என் பிள்ளைகள் குளித்து வளர்ந்தார்கள்.

குறைகளும் உண்டு. ஆறு நாள் என்றது பதினோரு நாளானது; சுவர் வெட்டிய இடங்களில் பூச்சு மேடுபள்ளமாகவே நிற்கிறது; கேட்டால், அது கொத்தனார் வேலை என்கிறார். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று பேஸுக்கும் சேர்த்து ஒரே நான்கு முனை ஆர்சிசிபியைப் போட்டதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கே மின்சாரம் கசிந்தாலும் வீடு முழுவதும் இருண்டுவிடும். ஐப்பசி மழையில் தோட்ட விளக்கில் நீர் இறங்கி ட்ரிப் ஆனபோது நாங்கள் ஊரில் இல்லை. இரண்டு நாள் கழித்து வந்து கதவைத் திறந்தபோது ஃபிரிட்ஜிலிருந்த மாவு பொங்கி வழிந்து கூடம்வரை புளித்த வாடை அடித்தது. பேஸுக்கு ஒன்றாகத் தனித்தனி ஆர்சிசிபி வைக்கும் பெட்டிகள் கடையிலேயே கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் அதை முதல் நாளே சொல்லி முடிவை எங்களிடம் விட்டிருக்க வேண்டும். இப்போது அதற்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை, ஊருக்குக் கிளம்பும்போது தோட்ட விளக்கின் எம்சிபியை இறக்கிவிட்டே கதவைப் பூட்டுகிறோம்.