2009 டகோமாவில் 2017 ஸ்ட்ரட்

என் வண்டி 2009 டொயோட்டா டகோமா பிக்கப், வி6 எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். இடது முன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்குக்குள் இருக்கும் ஷாக் அப்சார்பர்) எண்ணெய் கசிந்து, பள்ளத்தில் இறங்கினாலே 'தடக்' என்று அடித்தது. வண்டியை உயர்த்த லிஃப்ட் கிட் போட்ட ஒருவர் கழற்றி வைத்திருந்த 2017 மாடல் ஜோடியை, ஸ்பிரிங்கோடு மலிவாக வாங்கினேன்.

"வருஷம் வேற, சேராது" என்றார் கடைக்காரர். சேர்ந்தது. மேலே மூன்று 14 மி.மீ. நட்டு, கீழே ஒரே போல்ட். எல்லாம் தானாக உட்கார்ந்தது. 2005 முதல் 2023 வரை அமைப்பு அதேதான். பழைய கீழ் போல்ட்தான் துருப்பிடித்து ஒரு மணி நேரம் உயிரை வாங்கியது!

ஐந்து நட்டுச் சக்கரமுள்ள டூ வீல் டிரைவுக்கு மட்டும் இது ஆகாது. ஸ்பிரிங்கும் கேபின், எஞ்சினைப் பொறுத்து மாறும், கேட்டு வாங்குங்கள். அப்புறம் அலைன்மென்ட் பார்த்தேன். இப்போது சத்தமே இல்லை.