சுவரில் ஒரு ஆணி, நாலு மேனேஜர்கள்

மதுரை புதூரில் என் பைக் கன்சல்டிங் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. பகலில் ஆர்.சி. காப்பிகளும் பழைய ஹெல்மெட்டுகளும் கிடக்கும். இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்பான லிவர்பூலுக்கு மேட்ச் இருக்கிற ராத்திரிகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலைந்து பேர் அங்கே உட்காருவோம். கடைக்கு வெள்ளையடித்தபோது பழைய போஸ்டர்கள் எல்லாம் கிழிந்து போயின. இனி ஒரே ஒரு படம்தான், ஃபிரேம் போட்டு மாட்டுவது, அதுவும் ஆட்டக்காரர் படம் வேண்டாம், அணியை நடத்திய மேனேஜர் ஒருவர் படம் என்று முடிவானது. யார் படம் என்பதில் மூன்று வாரம் ஓடிவிட்டது. (மேனேஜர், மேனேஜர் என்று நாங்கள் போனில் கத்திக்கொள்வதைக் கேட்டு, ஏதோ பேங்க் லோன் சிக்கல் என்று என் மனைவி இரண்டு நாள் கவலைப்பட்டாள்.)

சித்தப்பா, முதலில் ஆட்டக்காரராகவும் பின்னால் மேனேஜராகவும் இருந்த டால்க்ளீஷ் கட்சி. எண்பதுகளில் ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் படத்தைப் பின் கழற்றி எடுத்து, சோற்றுப் பருக்கை வைத்து பீரோ கதவில் ஒட்டியவர். அக்கா மகன் காலேஜ் பையன், க்ளாப் கட்சி. அவன் லிவர்பூலைப் பார்க்கத் தொடங்கியதே க்ளாப் வந்த பிறகுதான். என் வயதுக்கு நான், 2005-ல் மேனேஜராக இருந்த ரஃபா பெனிட்டஸ் கட்சியாக இருக்க வேண்டும். 2005 மே மாதம் செல்லூரில் ஒரு நண்பன் வீட்டில், நள்ளிரவு பன்னிரண்டே காலுக்குத் தொடங்கிய இஸ்தான்புல் ஐரோப்பியக் கோப்பை ஃபைனலைச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். இடைவேளையில் ஏ.சி. மிலான் 3-0. "விடுங்கடா, காலைல வேலை இருக்கு" என்று டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு வில்லாபுரம் போய்விட்ட ஒருவன் இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் இருக்கிறான். அவன் வீடு போய்ப் படுப்பதற்குள் ஆறே நிமிஷத்தில் மூன்று கோல் விழுந்து 3-3 ஆகிவிட்டது. இப்போதும் யாராவது பாதியில் எழுந்தால் அவன் பெயரைச் சொல்லித்தான் உட்கார வைப்போம்.

இத்தனைக்கும் கடைசியில் நான் மாட்டியது பாப் பெய்ஸ்லியின் படம். 1983-ல் ஓய்வு பெற்றவர். எங்களில் யாரும் அவர் அணி ஆடி நேரடியாகப் பார்த்ததில்லை.

கோப்பைக் கணக்கை வைத்துத் தீர்ப்பு சொல்வதென்றால் இந்த வாதமே தேவையில்லை. பெய்ஸ்லிக்கு முந்தைய மேனேஜர் ஷாங்க்லிக்கு லீக் பட்டம் 3, பெய்ஸ்லிக்கு 6, டால்க்ளீஷுக்கு 3, க்ளாப்புக்கு 1. ஐரோப்பியக் கோப்பையில் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) பெய்ஸ்லிக்கு 3, க்ளாப்புக்கும் பெனிட்டஸுக்கும் ஆளுக்கு ஒன்று. சரி, முடிந்தது. ஆனால் பிடித்தவர் யார் என்பதை எண்ணிக்கை முடிவு செய்யாது. செய்திருந்தால் ஷாங்க்லி பெயரை யாரும் எடுத்திருக்கவே மாட்டார்கள்.

நான் பார்த்தது வேறு கணக்கு. எங்கள் தொழிலில் ஒரு வண்டி வந்தால், இது எவ்வளவு வேகம் போயிருக்கிறது என்று கேட்க மாட்டோம். ஓட்டியவர் எப்படி வைத்திருந்தார், கைமாறும்போது என்ன நிலையில் இருக்கிறது, இவ்வளவுதான். செயின் ஸ்ப்ராக்கெட் தேய்கிறது என்று தெரிந்ததும் மாற்றியவரா, மேலூர் ரோட்டில் அறுந்து நின்ற பிறகு மாற்றியவரா? இந்த ஒரு கேள்வியில் முக்கால்வாசி விலை நிர்ணயமாகிவிடும்.

ஷாங்க்லியிலிருந்து தொடங்குவோம். 1959 டிசம்பரில் அவர் வந்தபோது லிவர்பூல் லீக்கின் கீழ்த்தட்டான இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1962-ல் மேலே ஏற்றினார், 1964-ல் லீக் பட்டம், 1965-ல் கிளப் வரலாற்றிலேயே முதல் எஃப்.ஏ. கோப்பை. மேலிருந்து கீழ் வரை சிவப்பு உடை என்பதும் அவர் காலத்தில் வந்ததுதான். நல்ல பேச்சுக்காரர். நம்ம ஊராக இருந்தால் தமுக்கத்தில் மேடை போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆனால் 1966 லீக் பட்டத்துக்கும் 1973 லீக் பட்டத்துக்கும் நடுவில் ஒரு பெரிய கோப்பையும் இல்லை. தன்னை ஜெயிக்க வைத்த ஆட்டக்காரர்களை விட அவருக்கு மனம் வரவில்லை. 1970 எஃப்.ஏ. கோப்பையில், இரண்டாம் டிவிஷன் வாட்ஃபோர்டிடம் தோற்ற பிறகுதான் பழைய அணியைக் கலைத்தார். எங்கள் பாஷையில் சொன்னால், வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டவர். பாசக்காரர்கள் அப்படித்தான். அப்பாவின் பழைய ராஜ்தூத்தை விற்க மனமில்லாமல் வாசலில் துருப்பிடிக்க விட்டிருக்கும் வீடுகள் எனக்கு நிறையத் தெரியும்.

ஆனால் 1974-ல் அவர் சாவியைக் கொடுத்தபோது வண்டி புத்தம் புதுசு மாதிரி இருந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் நகர முடியாது. 1977-ல் ரோமில் பெய்ஸ்லி முதல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது களமிறங்கிய 11 பேரில் 8 பேர் ஷாங்க்லி காலத்தில் கிளப்புக்கு வந்தவர்கள். கிளெமென்ஸ், ஸ்மித், ஹியூஸ், கேலகன், ஹைவே, கீகன், கேஸ், ரே கென்னடி. சித்தப்பாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப முதல் ஓனர் நல்லா வச்சிருந்த வண்டிய ஓட்டிட்டு இவரு பேர் வாங்கிட்டாரு, அதானே?" என்றார். பாதி உண்மை.

மீதிப் பாதிக்காகத்தான் நான் பெய்ஸ்லி பக்கம் போனேன். அவர் கொத்தனார் வேலை பழகியவர். 1939-ல் ஆட்டக்காரராக லிவர்பூலுக்கு வந்தார், நடுவில் யுத்தத்துக்குப் போனார், திரும்பி வந்து 1947 லீக் பட்டம் வென்ற அணியில் ஆடினார். அதன்பின் பிசியோ, பயிற்சியாளர், உதவி மேனேஜர். அடிபட்ட காலைத் தொட்டுப் பார்த்தே வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். ஒருவன் ஓடும் விதத்தைப் பார்த்தே எங்கே வலி, இன்னும் எத்தனை நாள் தாங்குவான் என்று சொல்லக்கூடிய கண் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பிஸ்டன் கதையைச் சொல்லும் மெக்கானிக்குகளோடு இருபது வருஷம் பழகியவன் என்பதால் எனக்கு இது பிடித்துப்போயிற்று. வேலைக்கு அலையவும் இல்லை. ஷாங்க்லி திடீரென்று விலகியபோது தயங்கித் தயங்கித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் சீசனில் பெரிய கோப்பை எதுவும் இல்லை. லீக்கில் இரண்டாம் இடம்.

அப்புறம் அவர் பாகம் மாற்றிய விதத்தைப் பாருங்கள். 1977-ல் கெவின் கீகன் ஜெர்மனிக்குப் போனார். ஹாம்பர்க் கொடுத்தது 5,00,000 பவுண்டு. அந்த இடத்துக்கு செல்டிக்கிலிருந்து கென்னி டால்க்ளீஷை 4,40,000 பவுண்டுக்கு எடுத்தார். பழசை எக்ஸ்சேஞ்ச் போட்டு அதைவிட நல்ல வண்டி எடுத்து, கையில் 60,000 மிச்சமும் வைத்த வியாபாரத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. 1981 கோடையில் கோல்கீப்பர் கிளெமென்ஸ் கிளம்பியபோது, வான்கூவரிலிருந்து வாங்கிய குரோபெலார் அந்த மார்ச்சிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஸ்பேர் ஏற்கெனவே ரேக்கில். அதே வருஷ டிசம்பர் 26-ல் மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்று அணி 12-ம் இடத்துக்கு இறங்கியது. கேப்டன் பொறுப்பை ஃபில் தாம்சனிடமிருந்து எடுத்து சூனஸிடம் கொடுத்தார். சீசன் முடிவில் லீக் பட்டம். பாசம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது, பாசத்தைக் கணக்கில் கலக்கவில்லை.

1977 ஃபைனலில் ஆடியவர்களில் 1981 பாரிஸ் ஃபைனலிலும் தொடங்கியவர்கள் நாலே பேர்: கிளெமென்ஸ், நீல், மெக்டெர்மாட், ரே கென்னடி. நாலு வருஷத்தில் ஏழு பாகம் மாறியிருக்கிறது, ஓட்டம் நிற்கவில்லை. நடுவில் 1978-79 சீசனில் 42 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல் 16.

கைமாறிய கணக்கு இதைவிடப் பெரிசு. 1983-ல் பெய்ஸ்லி விலகினார், ஜோ ஃபேகன் வந்தார். முதல் சீசனிலேயே லீக் பட்டம், லீக் கோப்பை என்கிற தனிக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும் வந்தன. 1984 மே மாதம் ரோமில், ரோமா அணியின் சொந்த மைதானத்தில் அந்த ஃபைனலைத் தொடங்கிய 11 பேரும் பெய்ஸ்லி காலத்தில் கிளப்புக்கு வந்தவர்கள். பதினொன்றும்! ஷாங்க்லிக்கு எட்டு, இவருக்கு முழுசாகப் பதினொன்று. இந்த ஒரு வரியைச் சொன்ன ராத்திரி சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அக்கா மகன் பேசினான். "அப்படிப் பார்த்தா க்ளாப்பும்தான மாமா?" சரியான கேள்வி. 2024 மே மாதம் க்ளாப் விடைபெற்ற நாளில், மைதானத்தில் நின்று அடுத்து வரப்போகிற மேனேஜர் ஸ்லாட்டின் பெயரை ரசிகர்களோடு சேர்ந்து பாடினார். ஆர்.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் புது ஓனருக்கு டேங்கும் நிரப்பிக் கொடுத்த மாதிரி. அடுத்த சீசனில் ஸ்லாட் லீக் பட்டம் வென்றார். அந்தக் கோடையில் வாங்கி அந்த சீசனிலேயே ஆட வந்தவர் கியேசா ஒருவர்தான். 2025 ஏப்ரல் 27-ல் டாட்டன்ஹாமை 5-1 என்று தோற்கடித்துப் பட்டத்தை உறுதி செய்த அணியில் தொடங்கிய 11 பேரும் க்ளாப் காலத்து ஆட்கள். கைமாறிய கணக்கில் பெய்ஸ்லியும் க்ளாப்பும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பில்தான் எனக்கு ஒரு நெருடல். 2021-22-ல் நாலு கோப்பைக்கும் கடைசி வரை ஓடி இரண்டை வென்ற அணி, அடுத்த சீசனில் ஐந்தாம் இடத்துக்கு வந்தது. நடுக்களத்துக்கு வயதாகிவிட்டது என்பது புதூரில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே தெரிந்தது. 2023 கோடையில்தான் மக் அலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் என்று நாலு பேரை ஒரே மூச்சில் கொண்டுவந்தார். அந்த நாலில் மூன்று பேர்தான் பின்னால் ஸ்லாட்டுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி கிடைத்தார்கள். ஆனாலும் ஒரு சீசன் செயின் அறுந்து நின்றது நின்றதுதான்.

பையன் இதற்கும் பதில் வைத்திருந்தான். பெய்ஸ்லிக்கு எதிரே இன்றைய மான்செஸ்டர் சிட்டி மாதிரி ஒரு பணக்கார அணி இருந்ததா? 2018-19-ல் 97 புள்ளி எடுத்தும் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போயிற்றே, அதைப் பெய்ஸ்லி அனுபவித்தாரா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியக் கோப்பைக்கு ஒவ்வொரு நாட்டின் சாம்பியனும் நடப்புக் கோப்பை வென்ற அணியும்தான் போகலாம், ஆட்டங்களும் குறைவு. இரண்டு காலத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. 2019 மே மாதம் பார்சிலோனாவை 4-0 என்று தோற்கடித்த ராத்திரி இதே அறையில் சித்தப்பா பி.பி. மாத்திரையைத் தேடியதை நினைத்தால் என் கை க்ளாப் பக்கமே போகிறது. பக்கத்தில் இருந்து பார்த்தது அப்படித்தான் கண்ணைக் கூசும். அதனால்தான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன்.

டால்க்ளீஷ் விஷயத்தில் என் தராசு வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர்-மேனேஜராக 1986-ல் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்த்து வென்றவர். ஆனால் 1991 பிப்ரவரியில் சீசன் நடுவிலேயே விலகினார். 1990-க்குப் பிறகு அடுத்த லீக் பட்டம் 2020-ல்தான் வந்தது. அந்த முப்பது வருஷத்தை அவர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை, பின்னால் மேனேஜராக வந்த சூனஸின் அவசர மாற்றங்களும் சேர்ந்ததுதான். அதற்கும் மேலே ஹில்ஸ்பரோ மைதானத் துயரம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 நெரிசலில் 97 உயிர்கள் போயின. அந்த வாரங்களில் அவர் ஒரே நாளில் நாலு சவ அடக்கத்துக்குக் கூடப் போயிருக்கிறார். அப்படி ஒரு மனிதரிடம் போய் வண்டியை எந்த நிலையில் ஒப்படைத்தீர்கள் என்று கேட்க முடியுமா? சித்தப்பா இதைச் சொன்னபோது குரல் மாறிவிட்டது. நாங்கள் பேச்சை மாற்றிவிட்டோம்.

பெனிட்டஸ் பற்றி இரண்டே வரி. அந்த ராத்திரிக்காக அவருக்கு ஆயுள் முழுக்க என் வணக்கம். ஆனால் 2010-ல் அவர் கிளம்பும்போது அணி ஏழாம் இடம், முதலாளிகள் கடனில். அவர் தப்பு பாதிகூட இருக்காது. இருந்தாலும் அந்த வண்டியை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வெளியே ஷாங்க்லி சிலை இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை வாங்கிக்கொள்கிற மாதிரி நிற்கும். 2020-ல் வைத்த பெய்ஸ்லி சிலையில் கோப்பை இல்லை. 1968-ல் அடிபட்ட எம்லின் ஹியூஸை முதுகில் தூக்கிக்கொண்டு வந்த காட்சி அது. ஃபிரேமுக்கு அந்தச் சிலையைப் போடலாம் என்றான் அக்கா மகன். முகம் தெரிகிற படம்தான் வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். கோட்டு, டை, ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் மாதிரி ஒரு சிரிப்பு. சிம்மக்கல்லில் கொடுத்து, மரச்சட்டம் போட்டு வாங்கி வந்தேன்.

அறையில் இடம் போதாமல் கொஞ்ச நாள் முன்கடைச் சுவரில் மாட்டினோம், அங்கேயே நின்றுவிட்டது. வண்டி பார்க்க வருகிறவர்கள், "அண்ணே, கடைய ஆரம்பிச்சவரா?" என்று கேட்கிறார்கள். முதலில் விளக்கிப் பார்த்தேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் நான் போவதற்குள் கடைப் பையன் எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தான். பெய்ஸ்லி நெற்றியிலும் ஒரு பொட்டு. பக்கத்தில் செவ்வந்தி மாலை. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, மாலை கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று நேராக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.