ஹவாய் ராணியின் சுயசரிதை: படிக்கலாம், ஆனால் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்

கீபோர்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு ‘அலோஹா ஓய்’ தெரியாமல் இருக்காது. அதை இயற்றியவர் ஹவாயின் கடைசி ராணி லிலியுவோகலானி. பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த அம்மா யார் என்றுதான் பார்ப்போம் என்று அவருடைய ‘ஹவாய்ஸ் ஸ்டோரி பை ஹவாய்ஸ் குவீன்’ வாங்கினேன். பாஸ்டனில் 1898-இல் வெளியான புத்தகம். அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு இணைத்துக்கொண்டதும் அதே வருடம்தான்.

தீவுக் கதைகள் என்று கடையில் கிடைப்பவற்றில் பல, கப்பலில் வந்து இறங்குகிறவரின் கண்ணால் எழுதியவை. இது வீட்டுக்காரம்மா எழுதியது. பிறந்ததுமே மரப்பட்டைத் துணியில் சுற்றி இன்னொரு தலைவர் வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அது வழக்கம். வளர்ப்பு அப்பா பாக்கியின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்வாராம். பெற்றவர்களைக் கண்டால் வேற்று மனிதரிடம் பழகுவது போலத்தான். இதையெல்லாம் துளி வருத்தமில்லாமல் சொல்கிறார்.

மிஷனரிகள் நடத்திய உறைவிடப் பள்ளியில் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் கரும்புப் பாகு தடவிய ஒரு துண்டு ரொட்டி, அவ்வளவுதான். பசி தாங்காத பிள்ளைகள் சமையல்காரரிடம் கெஞ்சுவார்கள், கைக்கு எட்டியதைச் சுருட்டுவார்கள். அதுவும் இல்லையென்றால் தோட்டத்தில் கிழங்கைத் தேடி, குச்சியோடு குச்சியைத் தேய்த்து நெருப்பு மூட்டிச் சமைத்துத் தின்பார்கள். அரச வம்சத்துப் பிள்ளைகள்!

நடுவில் 1887-இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கு லண்டன் போன பயணம் வருகிறது. விருந்து, வரவேற்பு, யார் யார் வந்தார்கள் என்று ஒரே பெயர்ப் பட்டியல். நான் தள்ளித் தள்ளித்தான் படித்தேன்.

1893-இல், அங்கே குடியேறியிருந்த அமெரிக்க, ஐரோப்பிய வணிகர்கள் சேர்ந்து அவருடைய ஆட்சியைப் பறித்தார்கள். 1895-இல் ஆதரவாளர்களின் கிளர்ச்சி தோற்றதும், அவருடைய இயோலானி அரண்மனையிலேயே மாடி அறை ஒன்றில் அவரைப் பூட்டி வைத்தார்கள். புத்தகம் உயிர் பெறுவது இங்கேதான். பிடிபட்டவர்களின் உயிரைக் காட்டி, முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ‘லிலியுவோகலானி டொமினிஸ்’ என்று, கணவர் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். போட்டுக் கொடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்து அப்படி ஒரு ஆளே உலகத்தில் இல்லை என்று எழுதுகிறார். மரியாதை குறையாமல் இப்படி அறைய எல்லோராலும் முடியாது.

சிறையில் செய்தித்தாள் தர மறுத்தார்கள். தாளும் பென்சிலும் மட்டும் தடையில்லை. நொட்டேஷன், அதாவது இசைக் குறிப்பு எழுதுவதற்கான ஐந்து கோடுகளையும் தானே போட்டுக்கொண்டு, முதலில் வாத்தியம் எதுவும் இல்லாமல், வாயால் பாடிப் பார்த்தே பாட்டுகளை எழுதியிருக்கிறார். என்னிடம் படிக்கிறவர்களுக்கு அச்சடித்த கோடு கொடுத்தாலே நோட்டு ஒரு கோடு மேலே போய் உட்காரும்! அங்கிருந்து வெளியே போன மூன்று பாட்டுகள் சிகாகோவில் அச்சாயின. பல வருடம் முன்பே இயற்றிய ‘அலோஹா ஓய்’ அதில் ஒன்று.

குறை இல்லாமல் இல்லை. எல்லாமே அரண்மனை ஜன்னல் வழியாகத்தான் தெரிகிறது. கரும்புத் தோட்டத்துக் கூலிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேறு புத்தகம்தான் தேட வேண்டும். நீள நீளமான பழைய ஆங்கிலம் வேறு.

எனக்கு வந்தது ஏதோ ஒரு மலிவு மறுபதிப்பு. படங்கள் கரி பூசியது போல இருக்கின்றன, பொருளடக்கத்தில் பக்க எண்ணே கிடையாது. காப்புரிமை எப்போதோ முடிந்த புத்தகம் என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அதில் சிறை அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் படங்கள் தெளிவாக உள்ள பதிப்பாகத் தேடி வாங்குங்கள். கடைசியில் வரும் வம்சாவளி அட்டவணைகளை விட்டுவிட்டாலும் ஒன்றும் குறையாது.