நாய்க்கு உண்ணி மருந்து: மாத்திரையா, சொட்டா, பட்டையா?

உண்ணிக்கு மருந்து வேண்டும் என்று கடையில் கேட்டால் நாலு வகை எடுத்து வைப்பார்கள். தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் அமிட்ராஸ், பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து, கழுத்தில் கட்டும் மருந்துப் பட்டை, அப்புறம் மாத்திரை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக்கு இப்போது மாத்திரைதான். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

சரியாகப் பயன்படுத்தினால் நாலும் உண்ணியைக் கொல்லும். விலையும் தெரிந்த கதைதான், குளியல் மருந்து மலிவு, மாத்திரைக்குச் செலவு கூடுதல். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது வேறு. வருடம் முழுக்க இடைவெளி விழாமல் நம்மால் கொடுக்க முடிகிற மருந்து எது?

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய மாட்டு உண்ணியை நினைத்துப் பார்த்தால் போதும். மாட்டில் அதிகம் காணும் உண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து ரத்தம் குடித்து உப்பிக் கீழே விழும்வரை ஒரே மாட்டின் மேலேயே கிடக்கும். அதனால் மாட்டுக்கு மருந்தடித்தால் பெரும்பகுதி அடங்கும். நாயில் ஏறும் பழுப்பு உண்ணி அப்படியில்லை. குஞ்சாக ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். சுவர்ச் சந்தில் தோலுரித்து மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். முழு வளர்ச்சி அடைந்தபின் மூன்றாவது தடவை ஏறும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது நம் வீட்டில்தான். குடித்து முடித்த பெட்டை, கொட்டைமுத்து மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பி, சுவரில் மேல்நோக்கி ஊரும். உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவிலோ, கதவு நிலையின் விரிசலிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். வெயில் காலத்தில் முட்டை பெரிய உண்ணியாக இரண்டு மூன்று மாதம் போதும். நாய் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கவும் அதனால் முடியும்.

ஆக, ஒரு மாதம் மருந்து விட்டுப்போய், அந்த நேரத்தில் ஒரே ஒரு பெட்டை வயிறு நிறையக் குடித்து இறங்கினாலும் சுவருக்குள் அடுத்த தலைமுறை தயார்.

இந்தக் கண்ணால் பார்த்தால் குளியல் மருந்து முதலில் அடிபடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும், அளவு தப்பக்கூடாது, கையுறை வேண்டும், உலரும்வரை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டிக்கும் பூனைக்கும் ஆகாது. மாட்டுக்கு வாங்கிய டெல்டாமெத்ரினை நாய்க்கும் பூசுவது தோட்டங்களில் வழக்கமாக இருக்கிறது. அளவு தெரியாமல் அதைச் செய்யவே வேண்டாம்.

சொட்டு மருந்து மாதம் ஒருமுறைதான். ஆனால் மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் நாயைக் குளிப்பாட்டக் கூடாது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் நாய் காலையும் மாலையும் கன்னடியன் கால்வாயில்தான் கிடக்கும். தண்ணீரைப் பார்த்த நாயை இரண்டு நாள் கட்டிப்போடுவது பெரும்பாடு. அதோடு, ஃபிப்ரோனில் நீர்ப்பூச்சிகளுக்குக் கொடிய விஷம். ஊரே குளிக்கிற வாய்க்காலில் அதைக் கலக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

பட்டையைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு, தெரிந்தவர்கள் வீட்டு நாய்களில் பார்த்ததுதான். ஃப்ளூமெத்ரின் கலந்த பட்டை எட்டு மாதம்வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். அடிக்கடி நனையும் நாய்க்கு அந்தக் காலம் குறையும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்ட வேண்டும். மாத்திரையில் இல்லாத ஒரு நன்மை அதில் உண்டு. உண்ணி கடிப்பதற்கு முன்பே அதை விரட்டும். வயலில் கிடந்து எப்போதாவது வீட்டுக்கு வரும் நாய்க்கு அதுதான் தோது என்று நினைக்கிறேன்.

மாத்திரையில் நாங்கள் கொடுப்பது மாதம் ஒருமுறைக்கான அஃபாக்சோலானர். அமாவாசைக்கு அமாவாசை கொடுக்கிறோம். வீட்டில் தேதி மறந்தாலும் அமாவாசையை யாரும் மறப்பதில்லை, முப்பது நாள் கணக்கும் தப்பாது. விழுங்கியபின் நாய் வாய்க்காலில் நீந்தினாலும் சோப்புப் போட்டுக் குளித்தாலும் கவலை இல்லை. மருந்து ரத்தத்தில் இருக்கிறது. 12 வாரத்துக்கு ஒன்று போதும் என்று ஃப்ளூரலானர் வருகிறது. ஆனால் பழுப்பு உண்ணிக்கு 8 வாரம்தான் என்று ஆஸ்திரேலியாவில் அதன் அட்டையிலேயே குறித்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது மறந்துபோகவும் தோதான கணக்கு.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. உண்ணி கடித்தால்தான் சாகும். உண்ணி கடித்து நாய்க்குப் பரவும் நோய்களில் பபீசியாவும் எர்லிக்கியாவும் முக்கியமானவை. பபீசியா பரவப் பொதுவாக ஒன்றிரண்டு நாள் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் அதற்கு முன் உண்ணி செத்துவிடும். ஆனால் எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே இறங்கிவிடக்கூடியது. இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பும் நடுக்கமும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய்க்கும், எட்டு வாரம் நிரம்பாத குட்டிக்கும் இது வேண்டாம். எடை பார்த்து மருத்துவர் சொல்வதைத்தான் வாங்க வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது எங்கள் பக்கத்தாருக்குப் பெரிய வசதி.

எந்த மருந்து போட்டாலும் நாய் இரை எடுக்காமல் படுத்துக்கொண்டால் வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். வெளிறிப்போயிருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக நாலு வாரம். இடையில் நாய் துள்ளினாலும் நிறுத்தக் கூடாது.

மனிதர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. நாய் உண்ணி எப்போதாவது நம்மையும் கடிக்கும். அதனால் இந்திய உண்ணி டைபஸ் வரலாம். காய்ச்சல், தலைவலி, உள்ளங்கை உள்ளங்கால்வரை தடிப்பு. பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வரும் ஸ்க்ரப் டைபஸ் நாயிடமிருந்து வருவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருகிறது. நாய்க்கு எதைக் கொடுத்தாலும் அதற்குத் தடுப்பில்லை. முழுக்கைச் சட்டை, வயலிலிருந்து வந்ததும் குளித்துத் துணி மாற்றுவது, இவைதான் வழி. ஐப்பசி மழையிலிருந்து தை வரை விடாத காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதர்க் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு நோய்க்கும் டாக்சிசைக்ளின்தான் கேட்கும், பென்சிலின் வகை கேட்காது.

ஒட்டிய உண்ணியைத் தோலோடு ஒட்டினாற்போல இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம்.

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதம் காதுமடலிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி தென்படத்தான் செய்யும். மருந்து பலிக்கவில்லை என்று அப்போது மாற்றிவிடாதீர்கள். அவை சுவரில் மிச்சம் இருந்தவை, ஏறி இரண்டு நாளுக்குள் செத்துவிடும். சுவர் விரிசலையும் நிலைச் சந்தையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் அந்தக் காலமும் குறையும்.